திரை நாயகனின் இரைப்பை: பச்சைமலை அளவுகோலின்படி ஒரு முன்னாய்வு

1. ஆய்வின் தேவை

தமிழ்த் திரை நாயகனின் உடலில் இன்னும் ஆராயப்படாத உறுப்பு ஒன்று உண்டென்றால் அது இரைப்பைதான். அவன் மீசை, நடை, தலைமுடியைக் கோதும் விதம், துண்டை உதறித் தோளில் போடும் ஓசை ஆகியவற்றைப் பற்றிக் கருத்துச் சொல்லாதவர் நாட்டில் இல்லை. ஒரே உதையில் அவன் எத்தனை பேரைப் பறக்கவிடுகிறான் என்று இயற்பியல் ஆசிரியர்கள் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டி மனம் நொந்திருக்கிறார்கள். ஆனால் அந்த உதைக்கு முன் அவன் என்ன சாப்பிட்டான், எப்போது சாப்பிட்டான், சாப்பிட்டானா இல்லையா என்ற வினாவை எவரும் எழுப்பவில்லை. விசையைத் தேடினார்கள், சோற்றைத் தேடவில்லை. அந்தக் குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

இந்த ஆய்வைச் சென்னையில் நடத்த முடியாது. அங்கே நாயகர்கள் உண்மையிலேயே குடியிருக்கிறார்கள். ஆய்வாளனுக்கு நடுநிலை தவறிவிடும். திருச்சிராப்பள்ளிப் பக்கமே தகுந்த களம். இதற்குக் காரணங்கள் மூன்று.

முதற் காரணம் வரலாறு. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டினார். தென்னாட்டார் திரையைப் பார்த்து வாய் பிளக்கக் கற்றதில் இவ்வூருக்குப் பங்கு உண்டு. அப்படிப் பிளந்த வாய்க்குள் என்ன போயிற்று என்று கேட்கும் உரிமையும் இவ்வூருக்கே உண்டு.

இரண்டாவது சோற்றறிவு. திருவானைக்கோவில் பார்த்தசாரதி விலாஸில் நெய் ரோஸ்ட்டுக்காகப் பொறுமையோடு காத்து நிற்பவர்களும், 2023-ல் புவிசார் குறியீடு கிடைப்பதற்கு வெகுகாலம் முன்பே மணப்பாறை முறுக்கைக் கடிக்கும் ஓசையிலேயே இனம் கண்டவர்களும் வாழும் வட்டாரம் இது. சாப்பாட்டு விஷயத்தில் இவர்களை ஏமாற்ற முடியாது.

மூன்றாவது பச்சைமலை. உடலுழைப்பையும் உணவையும் ஒன்றுக்கு நேராக ஒன்றை வைத்துப் பார்க்க ஏற்ற மலை. அதன் பயன் ஆறாம் பகுதியில் விளங்கும்.

2. முன்னோர் ஆய்வுகள்

மேல்நாட்டார் இத்துறையில் சற்றே முந்திக்கொண்டனர். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் தன் 2013 கிறிஸ்துமஸ் இதழில், இயான் ஃபிளெமிங் எழுதிய 14 ஜேம்ஸ் பாண்ட் நூல்களையும் படித்துக் கணக்கெடுத்த மருத்துவர்களின் கட்டுரையை வெளியிட்டது. பாண்ட் வாரத்துக்கு 92 யூனிட் மது அருந்துகிறார் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆண்களுக்கு அன்றைய பிரிட்டன் வகுத்திருந்த வரம்பு 21. இவ்வளவு குடிப்பவரின் கை நடுங்கும், குறி தவறும், ஆயுள் குறையும் என்று அம்மருத்துவர்கள் கவலைப்பட்டார்கள். பாராட்டத்தக்க உழைப்புத்தான். எனினும் அவர்கள் எண்ணியது கோப்பையை மட்டும். தொட்டுக்கொள்ள என்ன இருந்தது என்பதை எண்ணவில்லை. சுண்டலை விட்டுவிட்டுச் சரக்கை மட்டும் கணக்கெடுக்கும் ஆய்வு முழுமையாகாது என்பது நம்மூரில் எவருக்கும் தெரியும்.

திரையில் அந்நாட்டார் பின்பற்றும் முறை வேறு. நாயகனுக்கு ஏதேனும் ஓர் உணவை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். பாப்பாய்க்குக் கீரை. 1976-ல் வந்த ராக்கிக்கு விடியற்காலையில் ஐந்து பச்சை முட்டை. முட்டையை உடைத்து டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டு ஓடக் கிளம்புகிறான். சமைக்கச் சோம்பல்பட்டவன் ஊரைச் சுற்றி ஓடுவது முரணாகத் தோன்றினும், உள்ளே ஏதோ போயிற்று என்ற ஆறுதலாவது பார்ப்பவனுக்கு உண்டு. தமிழ் நாயகனிடம் அந்த ஆறுதலும் கிடைப்பதில்லை.

3. வகைப்பாடு

தமிழ் நாயகர்களை உண்ணும் முறையால் ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

அ) எழுந்தோர். பெரும்பான்மை இவ்வகையே. காட்சி அமைப்பு மாறாதது. தாய் தட்டு வைக்கிறாள். மூன்று இட்லி விழுகின்றன. நாயகன் முதல் விள்ளலைச் சட்னியில் தோய்க்கிறான். வாசலில் ஓர் ஆள் மூச்சிரைக்க வந்து நிற்கிறான்: “அண்ணே, நம்ம பசங்கள சந்தையில வெச்சு அடிக்கிறாங்கண்ணே!” விள்ளல் தட்டுக்கே திரும்புகிறது. நாயகன் எழுகிறான். “சாப்பிட்டுட்டுப் போயேன்ப்பா” என்கிறாள் தாய். தமிழ்த் திரையில் இவ்வளவு முறை சொல்லப்பட்டு இவ்வளவு குறைவாகப் பலித்த வாக்கியம் வேறில்லை.

ஆய்வாளர் இங்கே கவனிக்க வேண்டியது வலக்கையை. அதில் சட்னி இருக்கிறது. கை கழுவும் காட்சி கிடையாது. அடுத்த காட்சியில் அதே கை எதிரியின் வெள்ளைச் சட்டைக் காலரைப் பிடிக்கிறது. காலரில் கறை இல்லை. சட்னி எங்கே போயிற்று? வேட்டியில் துடைத்திருக்கலாம் என்றால் வேட்டியும் வெள்ளை. திரைத் தடயவியலின் தீராத மர்மம் இது.

ஆ) ஒருமடக்கர். டீக்கடைப் பெஞ்சில் அமர்ந்து ஒரு மடக்கு உறிஞ்சுபவர்கள். மீதித் தேநீர் எதிரியின் முகத்துக்குப் போகும். அல்லது டம்ளர் கையிலேயே நொறுங்கும். காசு கொடுத்ததாகச் சான்று இல்லை. டம்ளரைத் தூக்கும் வேகத்திலேயே உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்துவிடும் நாயகர்களும் இவ்வகையில் அடங்குவர். சுடச்சுடத் தேநீர் உள்ள கண்ணாடி டம்ளரை விளிம்பில் இரு விரலால் பிடிப்பதே மனித வழக்கம். உள்ளங்கை முழுதும் பதித்துப் பிடிப்பவன் வெறுங்காற்றைக் குடிக்கிறான்.

இ) தூக்குவாளியர். கிராமத்துப் படங்களுக்கு உரியவர்கள். நாயகன் வயலில் உழுகிறான். நாயகி தூக்குவாளியில் கஞ்சியோ களியோ கொண்டு வரப்பில் வருகிறாள். வாளி கைமாறும்போது விரல் படுகிறது. பாட்டு தொடங்குகிறது. பாட்டு மலைகளில் நடக்கிறது, அருவிகளில் நடக்கிறது, சில நேரம் சுவிட்சர்லாந்திலும் நடக்கிறது. பாட்டு முடிந்ததும் மாலையாகிவிடுகிறது. தூக்குவாளியின் மூடி திறக்கப்படவே இல்லை. உழுத மாட்டுக்காவது வைக்கோல் போட்டார்களா என்பது தனி ஆய்வுக்கு உரியது.

ஈ) பெருந்தீனியர். எண்ணிக்கையில் சிறிய, தகுதியில் பெரிய வகை. 1957-ல் வந்த மாயா பஜாரில் கடோத்கஜனாக வந்த எஸ்.வி. ரங்காராவ் ஒரு கல்யாணப் பந்திக்கான சமையல் முழுவதையும் தனியாளாக முடித்தார். அவர் அரக்கர் குலத்தவர் ஆதலால் மனிதக் கணக்கில் சேரார். மனிதர்களில் முதலிடம் ராஜ்கிரணுக்கே. 1991-ல் வந்த ‘என் ராசாவின் மனசிலே’ படத்தில் அவர் நல்லி எலும்பைக் கடித்து உறிஞ்சியதைத் தமிழகம் இன்னும் மறக்கவில்லை. கறிக்குழம்புக் கடைகளின் பெயர்ப்பலகையிலும் சாப்பாட்டு ரசிகர்களின் பேச்சிலும் அந்த எலும்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. அவர் அடித்தால் எதிரி விழுவான் என்று நம்ப முடிந்ததற்கு ஒரே காரணம், அந்த அடிக்கான மூலப்பொருள் உள்ளே போனதை நாம் கண்ணால் கண்டதுதான்.

உ) விபரீதச் சேர்க்கையர். 2003-ல் வந்த ‘சாமி’ படத்தில் விக்ரம் ஏற்ற ஆறுச்சாமி என்ற காவல் அதிகாரி, இட்லிக்குச் சாம்பாருக்குப் பதில் பீர் ஊற்றிக்கொள்கிறார். இரண்டும் புளித்துப் பொங்கியவையே ஆதலால் வேதியியல்படி குற்றமில்லை. ஆனால் இட்லியின் தரப்பு நியாயத்தை எவரும் கேட்கவில்லை.

இந்த ஐந்து வகையிலும் அடங்காமல், தட்டை வைத்தால் தட்டைக் காலி செய்பவர்கள் யார்? இருவர். ஒருவன் வில்லன். அவன் எப்போதும் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். மேசையில் முழுக்கோழி, பக்கத்தில் பழத்தட்டு, ஆப்பிளைக் கத்தியால் நறுக்கிக்கொண்டே ஆளைக் கொல்ல உத்தரவிடுகிறான். மற்றவர் நகைச்சுவை நடிகர். 1989-ல் வந்த ‘கரகாட்டக்காரன்’ படத்தில் கவுண்டமணி வாங்கிவரச் சொன்ன இரண்டு வாழைப்பழத்தில் ஒன்றைச் செந்தில் தின்றுவிட்டார். அதே படத்தின் நாயகன் என்ன தின்றார் என்று கேட்டால் ஊரே யோசிக்கும். 2009-ல் வந்த ‘வெண்ணிலா கபடிக்குழு’வில் கபடிக்குழு முழுவதும் இருக்க, பரோட்டாப் பந்தயத்தில் உட்கார்ந்து கடைக்காரரைக் கலங்கடித்தவர் சூரி.

இவற்றிலிருந்து முதல் விதி பிறக்கிறது: ஒருவர் உண்ணும் அளவும், படத்தின் தொடக்கத்தில் அவர் பெயர் வரும் உயரமும் எதிர்விகிதத்தில் அமையும்.

4. இலக்கியப் பின்புலம்

தலைவன் உண்ணாமை நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படையில், பரிசில் பெற்றுத் திரும்பும் பொருநன் தான் தின்ற கதையை விரிவாகச் சொல்கிறான். இரவும் பகலும் இறைச்சி தின்று, கொல்லை உழுத கொழுப்போலப் பல்லே மழுங்கிப் போயிற்றாம். கரிகாலனோ அருகிருந்து இன்னும் உண்ணும்படி வற்புறுத்துகிறான். பொருநனின் பல் பற்றி நமக்குத் தெரிந்த அளவு சோழனின் பல் பற்றித் தெரியாது. ஊட்டுபவன் தலைவன்; உண்பவன் கலைஞன். வாழைப்பழத்தைச் செந்தில் தின்றதற்கு இரண்டாயிரம் ஆண்டு மரபு இருக்கிறது.

உண்ணாமையின் உச்சமும் இவ்வட்டாரத்ததே. இன்று திருச்சி மாநகரின் ஒரு பகுதியாகிவிட்ட உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழன், தன் புதல்வர்களோடு மூண்ட பகையால், உண்ணாமல் வடக்கிருந்து உயிர் நீத்தான். அவனுக்குக் காரணம் இருந்தது. சந்தையில் தகராறு என்று கேட்டு இட்லியைப் பாதியில் விட்டவனை அவனோடு சேர்த்து எண்ணுவது முறையன்று.

போரையும் சோற்றையும் எந்த வரிசையில் வைப்பது என்பதற்குத் தொல்காப்பியத்தில் இடம் இருக்கிறது. வஞ்சித்திணையில் பெருஞ்சோற்று நிலை என்று ஒரு துறை. போருக்குப் புறப்படும் வீரர்களுக்கு வேந்தன் சோறிடுவது அது. வெட்சியில் உண்டாட்டு என்று இன்னொரு துறை. ஆநிரை கவர்ந்து வந்த மறவர் உண்டு களிப்பது அது. போர் முடிந்த களத்தில் யார் உண்பார் என்பதைக் கலிங்கத்துப்பரணி சொல்கிறது: பேய்கள் கூழ் சமைத்து உண்ணும். ஆக, போருக்கு முன்னும் சாப்பாடு, பின்னும் சாப்பாடு. போர் முடிந்தால் பேய்க்கும் சாப்பாடு. நடுவே பசியோடு நிற்கும் வீரனைத் தமிழ் இலக்கணம் அறியாது. அவனைக் கண்டுபிடித்தது திரை.

ஊட்டும் தலைவன் என்ற பழைய மரபை மட்டும் திரை இழக்காமல் காத்தது. நாயகன் ஒரு கவளத்தை எடுத்தால் அது குழந்தையின் வாய்க்கோ, முதியவளின் வாய்க்கோ, தங்கையின் வாய்க்கோ போகும். தன் வாய்க்கு வராது. இது இரண்டாம் விதி. இவ்விதியைத் தமிழர் எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டனர் என்பதற்குத் திருச்சி மாவட்டத்திலேயே சான்று உள்ளது. திரையில் ஊட்டியே புகழ் பெற்ற எம்.ஜி.ஆர்., முதலமைச்சரான பின் சத்துணவுத் திட்டத்தை 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய இடம் இம்மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சி. கவளம் திரையை விட்டு இறங்கிப் பள்ளிக்கூடத்துத் தட்டில் விழுந்தது. இந்த ஓர் இடத்தில் மட்டும் இக்கட்டுரை கேலியை நிறுத்தி எழுந்து நின்றுவிட்டு, மீண்டும் உட்காருகிறது.

5. சிறப்பு ஆய்வு: ‘கைதி’

2019 தீபாவளிக்கு வந்த லோகேஷ் கனகராஜின் ‘கைதி’, நம் ஆய்வுக்கென்றே எடுக்கப்பட்ட படம். கதை திருச்சி வட்டாரத்தில் ஒரே இரவில் நடக்கிறது. நாயகி இல்லை, பாட்டு இல்லை, ஆகவே தூக்குவாளியும் இல்லை. காவல் அதிகாரிகளின் விருந்தொன்றில் மதுவில் ஏதோ கலக்கப்பட்டு, குடித்தவர்கள் எல்லோரும் மயங்கி விழுகிறார்கள். குடிக்காத அதிகாரி பிஜோய் மட்டும் நிற்கிறார். மயங்கியவர்களை லாரியில் ஏற்றி 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஓட்டுவதற்கு இருக்கும் ஒரே ஆள், பத்தாண்டுச் சிறை முடிந்து மகளைப் பார்க்கப் போகும் டில்லி.

கார்த்தி ஏற்ற இந்த டில்லி செய்ததுதான் தமிழ்த் திரை வரலாற்றில் ஒரு திருப்பம். ஊர் பற்றி எரிகிறது, ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், எதிரிகள் கிளம்பிவிட்டார்கள். அவரோ விருந்துப் பிரியாணியைப் பெரிய பாத்திரத்தோடு எடுத்து வைத்து, கையை உள்ளே விட்டு அள்ளி அள்ளிச் சாப்பிடுகிறார். மூச்சிரைக்க ஓடிவந்து நிற்பவன் இங்கேயும் உண்டு. ஆனால் விள்ளல் தட்டுக்குத் திரும்பவில்லை. எழுந்தோர் வகையின் ஆதிக்கத்தை உடைத்த கவளங்கள் அவை.

இலக்கணப்படி பார்த்தாலும் காட்சி பிழையற்றது. போருக்கு முன் சோறு: பெருஞ்சோற்று நிலை. வேந்தனுக்குப் பதில் காவல்துறை சோறிட்டது. அதுவும் அறியாமல் இட்டது. இதைப் பெருஞ்சோற்று நிலையின் பாற்படுத்தல் தகும். அன்றியும் படம் ஓர் அறத்தை நிறுவுகிறது: குடித்தவர் வீழ்ந்தனர், உண்டவன் எழுந்தான்.

உடலியல்படி மட்டும் ஒரு சிக்கல் நிற்கிறது. வயிறு நிறைய உண்டபின் குடலுக்குப் போகும் ரத்தம் கூடும், கண் செருகும். கொழுப்பு மிகுந்த திட உணவு இரைப்பையை விட்டு முழுதும் இறங்க நான்கு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அப்படியானால் லாரி ஓட்டியபோதும், வழியெல்லாம் அடிபட்டு அடித்தபோதும், கடைசியில் பெருந்துப்பாக்கியைப் பிடித்துச் சுழற்றியபோதும் அப்பிரியாணி டில்லியின் உள்ளேயேதான் இருந்திருக்கிறது. அவர் ஒருமுறைகூட ஏப்பம் விடவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் தேடவில்லை. நம்மில் எவராவது அப்படிச் சாப்பிட்டிருந்தால் சமயபுரம் வருவதற்குள் லாரியை ஓரம் கட்டி, “சோடா இருக்காண்ணே?” என்று கேட்டிருப்போம். ஆகவே ‘கைதி’ உண்ணும் சிக்கலைத் தீர்த்தது. செரிக்கும் சிக்கலை அடுத்த தலைமுறைக்கு விட்டுவைத்தது.

6. பச்சைமலை அளவுகோல்

இனிக் களஆய்வு. பச்சைமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறு. திருச்சி, பெரம்பலூர், சேலம் மாவட்டங்களில் விரிந்து கிடக்கிறது. துறையூர்ப் பக்கம் சோபனபுரத்திலிருந்து டாப் செங்காட்டுப்பட்டிக்கு ஏறும் பாதையே நாம் எடுத்துக்கொண்ட தளம். வண்ணாடு, கோம்பை, தென்பரநாடு என்று நாடு நாடாகப் பிரிந்த இம்மலையில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். சாமையும் தினையும் கேழ்வரகும் அவர்களின் பழைய பயிர். இப்போது மரவள்ளி மிகுதி. தோண்டியெடுத்த கிழங்கு மூட்டை மூட்டையாக இறங்கி ஆத்தூர், சேலம் பக்கத்து ஆலைகளில் ஜவ்வரிசியாகிறது. அந்த மூட்டையைத் தோளில் ஏற்றுபவர்கள் சண்டைப் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். பெறத் தேவையுமில்லை.

இவர்களை அடிப்படையாகக் கொண்டு ஓர் அலகை வகுக்கிறோம். ஒரு மனிதன் இந்த மலையில் சுமையோடு ஏறி இறங்கி, மாலையில் வீடு சேர்ந்தபின் யாரிடமும் எரிந்து விழாமல் இருக்கத் தேவையான சாப்பாடு ஒரு பச்சைமலை எனப்படும். இந்த அலகில் அளந்தால் எழுந்தோர் பூச்சியம். ஒருமடக்கர் பூச்சியத்துக்குச் சற்று மேல், சர்க்கரை சேர்த்திருந்தால். தூக்குவாளியர் வாளியைத் திறந்திருந்தால் ஒன்று, திறக்காததால் பூச்சியம். ராஜ்கிரண் சரியாக ஒன்று. டில்லி பல. கடோத்கஜனுக்கு இந்த மலை போதாது. கொல்லிமலையையும் சேர்க்க வேண்டும்.

அறிவியல் கணக்கும் இதற்கு ஒத்துவருகிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை உள்ளடக்கிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 65 கிலோ எடையுள்ள ஆண் உட்கார்ந்து வேலை செய்தால் நாளுக்கு 2110 கிலோ கலோரி வேண்டும். கடும் உழைப்பாளியானால் 3470. வித்தியாசம் 1360. சிறிய இட்லி ஒன்றுக்கு 50 என்று தோராயமாக வைத்தால் இருபத்தேழு இட்லி. நாற்காலியில் இருந்து எழுந்து சண்டைக்குப் போகிற ஒவ்வொரு நாயகனும் அம்மாவிடம் இன்னும் இருபத்தேழு இட்லி கேட்டிருக்க வேண்டும். அவனோ வைத்த மூன்றையும் விட்டுவிட்டுப் போகிறான்.

மலைமேல் ஒரு பெரியவரிடம் இந்தக் கோட்பாட்டை விளக்கிக் கருத்துக் கேட்கப்பட்டது.

“ஐயா, படத்துல ஹீரோ ஒண்ணும் சாப்பிடாமயே பத்துப் பேர அடிக்கிறாரே, முடியுமா?”

“அடிக்கலாம் தம்பி. பசியில கோவம் நல்லா வரும். அடிச்சு முடிச்சப்புறம் நிக்க முடியாது. அதான் சங்கடம்.”

“நீங்க காட்டுக்குப் போறப்ப?”

“முன்னாடி களி. இப்ப ரேசன் அரிசியும் வருது. எதுனாலும் உக்காந்து தின்னுட்டுத்தான் போவோம்.”

“சாப்பிடுறப்ப யாராச்சும் அவசரமா வந்து கூப்பிட்டா?”

“வர்றேன்னு சொல்லுவோம். எந்திரிக்க மாட்டோம்.”

திரைக்கதை ஆசிரியர்கள் ஒரு நூற்றாண்டாகத் தீர்க்க முடியாமல் திணறிய சிக்கலுக்கு இரண்டு வாக்கியத்தில் விடை கிடைத்தது.

தெய்வச் சான்றும் இதே பக்கம் நிற்கிறது. ஸ்ரீரங்கத்தில் அரங்கன் பள்ளிகொண்டிருக்கிறான். எவரையும் அடிக்க எழுவதில்லை. எனினும் காலையில் துலுக்க நாச்சியாரின் நினைவாக ரொட்டியும் வெண்ணெயும், இரவில் அரவணையும் வேளை தவறாமல் அமுது செய்விக்கப்படுகின்றன. சமயபுரத்தாளோ போர்க்கோலத்தவள். பக்தர்களுக்காக மாசி மாதக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். அந்த விரதத்திலும் துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் உண்டு. தெய்வமே பட்டினி கிடந்தாலும் மோர் இல்லாமல் கிடப்பதில்லை. நாயகன் மட்டும் மோரும் இல்லாமல், நேர்த்திக்கடனும் இல்லாமல் சும்மா பட்டினி கிடக்கிறான்.

7. ஐயமும் விடையும்

அற்றேல், ஒரு காட்சியைப் பல முறை எடுப்பர், ஒவ்வொரு முறையும் இட்லி குறைந்தால் காட்சித் தொடர்ச்சி கெடும், ஆதலால் உண்ணாமை தொழிற்கட்டாயமே எனின், பொருந்தாது, என்னை? அதே தொழிலில், அதே விளக்கொளியில், நகைச்சுவை நடிகர் பரோட்டாவை அடுக்கடுக்காக முடிக்கிறார் ஆகலான்.

இனி, நாயகன் திரைக்கு வெளியே உண்டிருப்பான். நாம் இடைவேளையில் பாப்கார்ன் வாங்கப் போனபோது அவனும் உண்டிருப்பான் எனின், அதுவும் அன்று. இடைவேளைக்கு முன் நெற்றியில் இருந்த கட்டு இடைவேளைக்குப் பின்னும் அதே ரத்தக்கறையோடு இருக்கிறது. பஞ்சு மாற்ற நேரம் இல்லாதவனுக்குப் பந்தியில் உட்கார நேரம் இருந்தது என்றல் மரபன்று.

‘பசி வந்தால் பத்தும் பறக்கும்’ என்பது பழமொழி ஆதலால், நாயகன் பசித்திருந்தால்தான் அடியாட்கள் பத்துப் பேர் பறப்பர் எனின், இவ்வுரை சண்டைப் பயிற்சியாளர்கள் நெடுங்காலமாகக் கொண்ட உரை. இதை மறுக்க இக்கட்டுரையாளருக்குச் சான்று போதவில்லை.

முறுக்கு, சீடை, அப்பளம் ஆகிய மொறுமொறுப்புப் பண்டங்களை நாயகன் அறவே தவிர்ப்பது ஏன் எனின், வசனம் காதில் விழ வேண்டும் என்பதே காரணம். மணப்பாறை முறுக்கைக் கடித்துக்கொண்டு சவால் விட்டால், சவாலைக் காட்டிலும் முறுக்கே தெளிவாகக் கேட்கும்.

8. முடிவும் பரிந்துரையும்

இவ்வளவும் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது. தமிழ் நாயகனுக்குப் பசி இல்லாமல் இல்லை, கடன்படத்தான் மனமில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லும் ஊரில், ஒரு தட்டை முழுதாகச் சாப்பிட்டு முடித்தவன் யாரோ ஒருவருக்குக் கடமைப்பட்டவன் ஆகிறான். சமைத்தவள் முன் சிறியவன் ஆகிறான். எல்லோருக்கும் கொடுப்பவனாகவே நிற்க ஆசைப்படும் நாயகனுக்கு அந்தச் சிறுமை ஒத்துவருவதில்லை. அதனால்தான் அவன் பாதியில் எழுகிறான். சந்தைத் தகராறு ஒரு சாக்கு. ராஜ்கிரணையும் டில்லியையும் நமக்குப் பிடித்ததற்குக் காரணமும் இதுவே. அவர்கள் நம்மைப் போலக் குனிந்து சாப்பிட்டார்கள்.

இதில் உண்மையாகவே பாதிக்கப்பட்டவர் ஒருவர் உண்டு. அடி வாங்கிய அடியாள் அல்லர். அவருக்குச் சம்பளம் உண்டு. முதல்நாளே அரிசி ஊறவைத்து, அரைத்து, புளிக்கவிட்டு, காலையில் எழுந்து ஆவி பறக்க இட்லி எடுத்துவைத்துவிட்டுக் கரண்டியும் கையுமாக நிற்கிற தாய். ஒவ்வொரு படத்திலும் அவர் உழைப்பு ஒரு விள்ளலோடு வீணாகிறது. மீந்த இட்லியை அவர் மாலையில் உப்புமாவாக்கினாரா என்பதைக் காட்டவும் எந்த இயக்குநருக்கும் தோன்றவில்லை.

ஆகவே இயக்குநர்களுக்குப் பரிந்துரைகள் மூன்று. முதலாவது, கதைக்கு ஒருமுறையாவது நாயகன் வைத்ததை முழுதும் உண்டு முடிக்கட்டும். இரண்டாவது, செய்தி கொண்டுவரும் ஆள் திண்ணையில் பத்து நிமிடம் உட்காரட்டும். அவனுக்கும் இரண்டு இட்லி வைக்கலாம், ஓடி வந்தவன் அவன்தானே. மூன்றாவது, நாயகன் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு அடிக்கட்டும். எதிரிகள் சந்தையில்தான் இருப்பார்கள். எங்கும் போய்விட மாட்டார்கள். இட்லி ஆறிவிடும்.